36 கேட்ட ஸ்விட்சர்லாந்துக்கு 36 ஏன் கிடைக்கவில்லை? ஒரு சின்ன நாடு போர் விமானம் வாங்கும் கதை

2014 பிப்ரவரி 17, அதிகாலை. அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது ஓர் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம். கேப்டன் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, துணை விமானி காக்பிட் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். விமானம் ஜெனீவா பக்கம் திரும்பியது. இத்தாலியின் போர் விமானங்கள் பின்தொடர்ந்தன, அடுத்து பிரான்ஸின் போர் விமானங்கள். காலை 6 மணியளவில் ஜெனீவாவில் தரையிறங்கியதும், துணை விமானி ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறங்கி அடைக்கலம் கேட்டார். பயணிகள் யாருக்கும் ஆபத்தில்லை.

எல்லாம் சரி, ஸ்விட்சர்லாந்தின் போர் விமானங்கள் எங்கே போயின? அவை கிளம்பவே இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: ஆபீஸ் டைம் இன்னும் தொடங்கவில்லை. அந்நாட்டு விமானப் படை அப்போது வார நாட்களில் காலை 8 மணிக்குத்தான் பணியைத் தொடங்கும், நடுவில் மதிய உணவு இடைவேளை, மாலை 5 மணியோடு முடிந்தது. ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை என்று விளக்கம் சொன்னார்கள்.

உலகமே கிண்டல் செய்தது. அடுத்த மூன்று மாதத்தில் புதிய போர் விமானம் வாங்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். மக்கள் 'வேண்டாம்' என்றார்கள்!

ஒரு சின்ன நாடு போர் விமானம் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்று புரிந்துகொள்ள ஸ்விட்சர்லாந்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவ்வளவு சின்ன நாட்டுக்குப் போர் விமானம் எதுக்கு?

ஸ்விட்சர்லாந்தின் பரப்பளவு சுமார் 41,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிழக்கிலிருந்து மேற்காக சுமார் 350 கிலோமீட்டர். ஒலியை விட வேகமாகப் போகும் விமானம் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கடந்துவிடும். யாரோ எல்லைக்குள் நுழைந்த பிறகு விமானியை எழுப்பினால், அவர் ஷூ மாட்டுவதற்குள் கதை முடிந்துவிடும். எப்போதும் யாராவது தயாராக நிற்கணும் என்பதே இதன் பொருள். ஜெனீவா சம்பவத்துக்குப் பிறகு படிப்படியாக நேரத்தை நீட்டி, 2021 முதல்தான் 24 மணி நேரமும் ஆயுதம் ஏந்திய இரண்டு விமானங்களைத் தயார் நிலையில் வைத்திருக்கிறார்கள். அழைப்பு வந்த 15 நிமிஷத்துக்குள் அவை மேலே எழும்பணும்.

சில சின்ன நாடுகள் இந்தத் தலைவலியே வேண்டாமென்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிடுகின்றன. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றின் வானத்தையும் 2004 முதல் நேட்டோ நாடுகள் முறைவைத்துக் காவல் காக்கின்றன. செக் குடியரசும் ஹங்கேரியும் ஸ்வீடனின் கிரிப்பென் விமானங்களைத் தலா 14 வாடகைக்கு எடுத்தன. ஸ்விட்சர்லாந்துக்கு முதல் வழி அடைபட்டிருக்கிறது. அது நேட்டோவில் இல்லை, நடுநிலை நாடு. நடுநிலை என்றால் 'யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்' என்பது மட்டும் இல்லை. 'என் வானத்தை இன்னொருவர் பயன்படுத்தவும் விடமாட்டேன்' என்பதும் அதில் அடக்கம். அதற்குச் சொந்தமாக விமானம் வேணும்.

முதலில் கையைச் சுட்டுக்கொண்ட கதை

1961-ல் ஸ்விஸ் நாடாளுமன்றம் பிரான்ஸின் மிராஜ் விமானங்கள் 100 வாங்க 871 மில்லியன் ஃபிராங்க் ஒதுக்கியது. ஆனால் கடையில் இருப்பதை அப்படியே வாங்க அவர்களுக்கு மனசு வரவில்லை. அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் வேணும், மலைக்குள் குடைந்த விமானக் கொட்டகைகளுக்கு ஏற்ற மாற்றங்கள் வேணும் என்று பட்டியல் நீண்டது. வீடு கட்டும்போது டைல்ஸ் மாற்றச் சொல்லி, அப்புறம் சமையலறையை மாற்றச் சொல்லி பட்ஜெட் எங்கேயோ போகுமே, அதே கதைதான். 1964-ல் அரசு இன்னும் 576 மில்லியன் கேட்டு வந்து நின்றது.

நாடே கொதித்தது. ஸ்விஸ் வரலாற்றில் முதல் முறையாக நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 100 விமானம் 57 ஆகக் குறைந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த பால் ஷோதேவின் அரசியல் வாழ்க்கை 1966-ல் முடிவுக்கு வந்தது.

இந்த 100, 57 கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் ஓட்டுப் போட்டு விமானம் வாங்குவாங்களா?

அங்கே ஆமாம். 1993-ல் அமெரிக்காவின் எஃப்-18 ஹார்னெட் வாங்குவதைத் தடுக்கக் கோரிய வாக்கெடுப்பில் தடை கேட்டவர்கள் தோற்றார்கள், 34 விமானங்கள் வந்தன. 2014 மே 18 அன்று 22 கிரிப்பென் விமானங்களுக்கு 3.1 பில்லியன் ஃபிராங்க் செலவிடலாமா என்று கேட்டபோது 53.4 சதவீதம் பேர் மறுத்தார்கள். 2011-ல் கிரிப்பென்னைத் தேர்ந்தெடுத்தபோது விலை குறைவு என்பதே பெரிய காரணம். பரிசோதனையில் பிரான்ஸின் ரஃபேல் அதைவிட நன்றாகச் செயல்பட்டது என்ற ரகசிய அறிக்கைகள் 2012-ல் கசிந்தன. சுமார் ரகம் என்று அரசே மார்க் போட்ட பொருளை மக்களிடம் விற்பது கஷ்டம்தானே.

அடுத்த முறை அரசு உஷாரானது. 2020 செப்டம்பர் 27 வாக்கெடுப்பில் எந்த விமானம் என்ற பேச்சே இல்லை. 'அதிகபட்சம் 6 பில்லியன் ஃபிராங்க், சரியா?' என்று மட்டும்தான் கேள்வி. இன்றைய மதிப்பில் 60 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 50.1 சதவீதம் பேர் சரி என்றார்கள். லட்சக்கணக்கான ஓட்டுகளில் வித்தியாசம் 9 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை இருந்தது. விமானத்தின் பெயர் இல்லாத வாக்கெடுப்பில் மக்கள் ஒப்புக்கொண்டது அந்தத் தொகையை மட்டும்தான். அது பின்னால் அரசின் கையைக் கட்டிப்போட்டது.

எஃப்-35 எப்படி ஜெயித்தது?

களத்தில் நான்கு பேர்: ஐரோப்பாவின் யூரோஃபைட்டர், பிரான்ஸின் ரஃபேல், அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட், அமெரிக்காவின் எஃப்-35. ஐந்தாவதாக இருந்த கிரிப்பென்னின் புதிய ரகம் 2019-லேயே விலகியது. பயேர்ன் தளத்தில் சோதனைக்குப் பறக்க முழுசாகத் தயாரான விமானம் வேணும் என்றார்கள், ஸ்வீடனிடம் அது அப்போது தயாராகவில்லை.

மதிப்பெண் முறை இப்படி: விமானத்தின் திறனுக்கு 55 சதவீதம், பராமரிப்புக்கு 25, விற்கும் நாட்டோடு ஒத்துழைப்புக்கு 10, உள்நாட்டுத் தொழிலுக்குக் கிடைக்கும் வேலைக்கு 10. 2021 ஜூன் 30 அன்று முடிவு வந்தது. எஃப்-35 வாங்கியது 336 புள்ளி; மற்றவர்களை விடக் குறைந்தது 95 புள்ளி அதிகம்.

ஆச்சரியம் அது இல்லை. உலகின் விலை உயர்ந்த ஆயுதத் திட்டம் என்று பேர் வாங்கிய விமானம், செலவிலும் மலிவு என்று கணக்கு வந்தது. 36 விமானங்கள் வாங்க 5.07 பில்லியன் ஃபிராங்க். வாங்குவது, 30 ஆண்டு ஓட்டுவது எல்லாம் சேர்த்து 15.5 பில்லியன், அடுத்த போட்டியாளரை விட 2 பில்லியன் குறைவு என்றது அரசு. எப்படி? ஒரு காரணம், விமானிகள் சிமுலேட்டரில் அதிகம் பயிற்சி எடுப்பார்கள், அதனால் நிஜமாகப் பறக்கும் நேரம் மற்ற விமானங்களை விட 20 சதவீதம் குறையும் என்ற அனுமானம். கார் வாங்கும்போது 'நான் குறைவாகத்தான் ஓட்டுவேன்' என்று சொல்லி பெட்ரோல் செலவைக் குறைத்துக் காட்டுவது மாதிரி இருக்கிறதே என்று விமர்சகர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

36 என்ற எண்ணும் சும்மா வரவில்லை. பதற்றமான காலத்தில் குறைந்தது நான்கு வாரம், எந்நேரமும் நான்கு விமானங்கள் வானில் இருக்கணும் என்பது தேவை. ஒன்று பறந்தால் இன்னொன்று எரிபொருள் நிரப்பும், மற்றொன்று பழுதுபார்ப்பில் இருக்கும், சில பயிற்சியில் இருக்கும். பெரிய நாட்டில் ஆறு விமானம் குறைந்தால் அது ஒரு புள்ளிவிவரம். இங்கே ஆறு குறைந்தால் அந்த நான்கு வாரம் சுருங்கும்.

'நிலையான விலை' என்றால் யாருக்கு நிலை?

இதுதான் மொத்தக் கதையின் முடிச்சு.

விலை கூடாது, ஒப்பந்தத்தில் போட்டதே கடைசி விலை என்று ஸ்விஸ் அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. பெர்னில் உள்ள அமெரிக்கத் தூதரகமும் அதை உறுதிப்படுத்தியது. 2022-ல் நாட்டின் தணிக்கை அலுவலகம் மட்டும் 'இது சட்டப்படி நிலையான விலை என்று உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எச்சரித்தது. அரசு ஏற்கவில்லை. எஃப்-35-ஐத் தடுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் 2022 ஆகஸ்டில் ஒப்படைக்கப்பட்டன. அது வாக்கெடுப்புக்கு வரும் முன்பே, செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விற்பவர் தந்த கெடு 2023 மார்ச்சோடு முடிகிறது, காத்திருக்க முடியாது என்றது அரசு.

இந்த ஒப்பந்தத்தில் ஸ்விட்சர்லாந்து விமானம் வாங்குவது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் இல்லை, அமெரிக்க அரசிடம். அமெரிக்க அரசு தன் விமானப் படைக்கு வாங்கும்போது கூடவே வெளிநாட்டு நண்பர்களுக்கும் சேர்த்து ஆர்டர் போடும். லாபமும் வைக்காது, நஷ்டமும் ஏற்காது. தனக்கு என்ன விலை ஆகிறதோ அதை அப்படியே உங்களிடம் வசூலிக்கும். (இந்தியா சி-17, சி-130ஜே விமானங்களை வாங்கியதும் இந்த வழியில்தான்.) நல்ல பக்கம்: அமெரிக்காவே பேரம் பேசுகிறது, பெரிய ஆர்டரின் மலிவு உங்களுக்கும் வரும். கெட்ட பக்கம்: ஆலையோடு அமெரிக்கா போடும் விலை 'நிலையானதாக' இருக்கலாம், ஆனால் அந்த விலை ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாகப் பேசப்படும். உங்கள் விமானம் எந்தத் தொகுதியில் வருகிறதோ அந்த விலைதான் உங்களுக்கு.

2025-ல் அதுதான் நடந்தது. பணவீக்கம், மூலப்பொருள் விலை என்று காரணம் சொல்லி அமெரிக்கா கூடுதல் பணம் கேட்டது. நிலையான விலை என்பது 'தவறான புரிதல்' என்றது. ஜூன் மாதம் ஸ்விஸ் அரசு மக்களிடம் சொன்ன கணக்கு: கூடுதல் செலவு 650 மில்லியனிலிருந்து 1.3 பில்லியன் டாலர் வரை. கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். இந்த வகை ஒப்பந்தத்தில் தகராறை இரு அரசுகளும் பேசித்தான் தீர்க்கணும்; சர்வதேச நடுவர் மன்றம் என்ற வழியே கிடையாது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், ஆகஸ்டில், ஸ்விஸ் பொருட்கள் மீது அமெரிக்கா 39 சதவீத வரி வேறு போட்டது. நவம்பரில்தான் அதை 15 சதவீதமாகக் குறைக்க உடன்பாடு வந்தது. ஒரே ஆளிடம் விமானத்துக்கும் விலை பேசணும், கடிகாரத்துக்கும் வரி பேசணும்.

அப்போ ரத்து செய்திருக்கலாமே?

ஆகஸ்டில் அந்தக் கேள்வி வந்தது. அரசு வேண்டாமென்றது. இருக்கிற ஹார்னெட்டுகளின் ஆயுள் 2030-ஐ ஒட்டி முடிகிறது. புதிதாகப் போட்டி நடத்தி, தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று விமானம் வாங்க அதற்குள் முடியாது. நடுவில் சில ஆண்டு வானம் காலியாகிவிடும். கட்டிய பணத்தில் ஒரு பகுதியும் போச்சு. இந்தியர்களுக்கு இது புதுசு இல்லை: 126 விமானம் வாங்க நடத்திய போட்டியில் 2012-ல் ரஃபேல் தேர்வாகி, விலைப் பேச்சு இழுத்து, கடைசியில் 2016-ல் கையெழுத்தானது 36-க்கு.

மிச்சம் இரண்டே வழி. கூடுதல் பணம் கேட்கலாம், அல்லது விமானத்தைக் குறைக்கலாம். 9 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்த 6 பில்லியனைத் தாண்டிப் போய் முழுப் பட்டியலையும் வாங்க அரசு தயாராக இல்லை. 2025 டிசம்பரில் முடிவை அறிவித்தது: 36 முடியாது, மக்கள் ஒப்புக்கொண்ட தொகைக்குள் எத்தனை வருமோ அத்தனை. சுமார் 30 வரலாம் என்பது அப்போதைய மதிப்பீடு. 1964-ல் எண்ணைக் குறைத்தது நாடாளுமன்றம், இந்த முறை அரசே குறைத்துக்கொண்டது. முதல் விமானங்கள் 2027-ல் வரணும்.