கலைக்கப்பட்ட அணியும் மார்கரெட் வேடும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டெல்டா ஸ்டேட் கல்லூரி, பெண்ணுடல் தாங்காது எனக் காரணங்காட்டி 1930களின் தொடக்கத்தில் மகளிர் கூடைப்பந்து அணியைக் கலைத்தது. அவ்வணியில் ஆடிய மார்கரெட் வேடும் தோழியரும் அழுதனர், சீருடைகளை எரித்தனர். வேறொன்றும் செய்ய இயலவில்லை. பள்ளி மாணவியருக்கு நெடுங்காலம் பயிற்சியளித்த வேட், 1959இல் அதே கல்லூரிக்கு மகளிர் உடற்கல்வித் துறைத் தலைவராகத் திரும்பினார். துறை இருந்தது, அணி இல்லை.

கல்விக்கூடங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல் வந்தது. மறு ஆண்டே அணி உயிர்பெற்றது. பயிற்றுநர் வேடுக்கு அப்போது வயது 60. 1975, 1976, 1977 என மூன்றாண்டும் தேசியப் பட்டம் அவ்வணிக்கே. திறமை தாமதமாக வென்ற கதையாக இதனை வாசிப்பது எளிது; ஆனால் இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் கல்லூரி அணியில் ஆடாமலே பட்டம் பெற்றுச் சென்ற மாணவியருக்கு எப்பதிவேட்டிலும் இடமில்லை. வேடின் மாணவி லூசியா ஹாரிஸே, 1976 மாண்ட்ரியாலில், ஒலிம்பிக் மகளிர் கூடைப்பந்தின் முதற்கூடையைப் போட்டவர்.