சீம்பாலும் சிஸ்டரும்

நம்ம நாஞ்சில் நாட்டு ஆஸ்பத்திரிக் கதைன்னா டாக்டர்கள் பேருதான் வரும். 1838-ல் நெய்யூரில் மருத்துவம் தொடங்கிய ராம்சே. எவரெஸ்டுக்கும் (1922, 1924) போய், நெய்யூரில் ஆபரேஷனும் செய்த சோமர்வெல். பிரசவ வார்டு சிஸ்டர்கள் பேர் யாருக்குத் தெரியும்?

சண்டை நடந்தது அங்கேதாங்க. சீம்பாலைக் 'கெட்டபால்'னு பீய்ச்சிக் கொட்டிட்டு, பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கிறது அன்றைய வழக்கம். எங்க ஆச்சியும் தலைப்பிள்ளைக்கு அதைத்தான் செஞ்சிருக்கா. நான் பிறந்தப்போ சீனித்தண்ணியோட வந்தவளை சிஸ்டர் மறித்து, "அம்மா, இந்த மஞ்சப் பாலுதான் பிள்ளைக்கு மொத மருந்து"ன்னு டம்ளரை வாங்கி வச்சாங்களாம். அப்புறம் அம்மை பக்கத்துல உக்காந்து, பிள்ளையை எப்படி மாரோடு அணைக்கணும்னு காட்டிக்கொடுத்தாங்களாம்.

ஆச்சிகளை மட்டும் குறை சொல்லக்கூடாது. பிள்ளையைத் தனி அறையில் போட்டு, மணி பார்த்துப் பால் கொடுக்கச் சொன்ன ஆஸ்பத்திரிகள் உலகம் முழுக்க இருந்தன. போதாததுக்கு பால்மாவு டப்பா இலவசம் வேற! 1991-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 'குழந்தை நேய மருத்துவமனை' திட்டம் கொண்டுவந்தன. 1992-ல் இந்தியாவில் பால்மாவு விளம்பரத்துக்கும் இலவச டப்பாவுக்கும் தடைச்சட்டம் வந்தது.

சரி, சிசேரியன் தையல் வலியில் கிடக்கிறவளை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, பால் கொடுக்கப் பழக்குறது யாரு? நைட் டூட்டி சிஸ்டர்தானே.

ஆச்சிக்கு அந்த சிஸ்டர் பேரு கடைசிவரை ஞாபகம் வரல. "நெட்டையா ஒரு பிள்ளை"ன்னு மட்டும் சொல்லுவா.