துப்பாக்கிக்குப் பின் கம்பி: ரிங்லெட் மலைச்சரிவும் மலாயாப் புலியும்

மலேசியாவில், தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் கேமரன் மலையின் முதல் ஊர் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இதை அடுத்த ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, மலையேறும் சாலையே முடிந்திருக்கவில்லை. அது 1931இல்தான் வந்தது. கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் துணையிருக்க, காட்டை அழித்துத் தேயிலை நட்டவை மனிதக் கைகள். அவற்றுள் பெரும்பகுதி தமிழர் கைகள்.

தோட்டம் வந்தது, புலி போனது என்று இக்கதையை ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. 'திரங்கானுவின் புலிகள்' என்ற நூலை 1954இல் எழுதிய ஆர்தர் லாக், மலாயாவில் சுமார் 3,000 புலிகள் இருப்பதாகக் கணித்தார். அப்போது ரிங்லெட் தேயிலைக்கு இருபத்தைந்து வயது. 1967 மார்ச்சில் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் கேமரன் மலையில் நடக்கப் போய் மறைந்தபோது, பலர் வாயில் வந்த விளக்கங்களுள் ஒன்று புலி. அதற்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டிலும் புலியைச் சந்தேகிப்பது மக்களுக்கு இயல்பாக இருந்தது என்பதே நமக்கு ஒரு சான்று.

அதற்கு முந்தைய காலம் துப்பாக்கியின் காலம். சிங்கப்பூரின் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களில் ஆட்கள் மாண்டதால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசு புலித்தலைக்கு வெகுமதி வைத்தது. அத்தீவின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுடப்பட்டது. மறுபக்கம், பேர்பெற்ற வேட்டைக்காரரான தியோடர் ஹப்பேக் மனம் மாறி, காட்டுயிர் ஆணையத்தின் பொறுப்பேற்று 1932இல் அறிக்கை அளித்தார். அவரது விடாமுயற்சியின் பயன்தான் 1938-39இல் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களையும் தொட்டு எழுந்த தேசியப் பூங்கா, இன்றைய தாமான் நெகாரா. கேமரன் மலை அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

நாடு விடுதலை பெற்றபின் சமவெளிக் காடுகள் ரப்பருக்கும், 1956இல் பிறந்த ஃபெல்டா நிலத்திட்டங்களின் வழியே செம்பனைக்கும் போயின. புலிக்கு எஞ்சியவை தித்திவாங்சா மலைத்தொடர் போன்ற உள்நாட்டுக் காடுகளே. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் புலி முழுப் பாதுகாப்புப் பெற்றது. சட்டம் தாமதமாக வந்தது என்று குறை சொல்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. நோய் வேறிடத்தில் இருந்தது. மலேசிய அரசியலமைப்பின்படி காட்டுயிர்ப் பாதுகாப்பு கூட்டரசும் மாநிலமும் பகிரும் அதிகாரம். நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். புலியைக் கொன்றவனைக் கூட்டரசுச் சட்டம் தண்டிக்கும். புலி நடக்கும் காட்டை வெட்டலாமா என்பதை மாநிலம் முடிவு செய்யும்.

இதற்கிடையே கொல்லும் கருவி மாறிவிட்டது. தடித்த எஃகுக் கம்பியில் ஒரு சுருக்கு, அதன் மறுமுனை வளைத்துக் கட்டிய இளமரத்தில், மேலே சருகு. விலங்கு கால் வைத்ததும் மரம் நிமிரும், சுருக்கு இறுகும். சத்தமில்லை, தோட்டா வாங்கும் செலவில்லை, வைத்தவன் பக்கத்தில் இருக்கவும் தேவையில்லை. பன்றிக்கு வைத்தது, கடமானுக்கு வைத்தது, புலிக்கு வைத்தது என்று கம்பிக்கு வேறுபாடு தெரியாது. காட்டில் தங்கி அகிலும் விலங்கும் தேடும் வெளிநாட்டுக் கும்பல்கள் இவற்றை வரிசை வரிசையாக வைக்கின்றன. ரோந்து செல்வோர் சருகைக் கோலால் கிளறியபடி நடப்பது இதனால்தான்.

2008இல் தேசியப் புலிச் செயல்திட்டம், 500 எனக் கருதப்பட்ட எண்ணிக்கையை 2020க்குள் 1,000 ஆக்குவதாக அறிவித்தது. 2014இல் மதிப்பீடு 250 முதல் 340 வரை இறங்கியது. 2016 முதல் 2020 வரை தானியங்கிக் கேமராக்களை வைத்து நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 150க்கும் குறைவு என்றது. கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. ஆகவே விலாவைப் படமெடுத்து ஆள் பிரித்து எண்ண முடிகிறது. லாக்கின் 3,000ஐ இதனருகே வைத்து விழுக்காடு கணக்கிடுவது பிழை. அவருடையது அனுபவக் கணிப்பு. ஆனால் சரிவின் திசையில் ஐயமில்லை.

ரிங்லெட்டைச் சுற்றி இன்று தேயிலையைவிடக் கண்ணை உறுத்துவது காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட நெகிழிக் கூரைகள். சரிவிலிருந்து கரையும் மண், 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் போய்ப் படிகிறது. வடக்கே சிம்பாங் பூலாயிலிருந்து லோஜிங் வழியாகக் குவா முசாங் செல்லும் சாலை மலைத்தொடரைக் குறுக்கே அறுக்கிறது. துண்டுபட்ட காடுகளை இணைக்க 'மத்திய வன முதுகெலும்பு' என்ற பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. ஆனாலும் 2024 மே மாதம், இதே மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், குவா தெம்புரோங் அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு ஆண் புலி வாகனம் மோதி இறந்தது.

2022இல் திருத்திய காட்டுயிர்ச் சட்டம் அபராத உச்சத்தைப் பத்து லட்சம் வெள்ளியாகவும், சிறையைப் பதினைந்து ஆண்டுகளாகவும் உயர்த்தியது. முன்னாள் காவலர்களும் இராணுவத்தினரும் ஓராங் அஸ்லிப் பழங்குடி மக்களும் இப்போது காட்டில் ரோந்து போகிறார்கள். கம்பிகள் குறையலாம். ஆனால் 2021 முதல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புலியின் இரையான காட்டுப் பன்றிகளையும் விட்டுவைக்கவில்லை. கடமானோ முன்பே அரிதாகிவிட்டது. 2023இல் மலைத்தொடரின் மறுபக்கம், குவா முசாங் வட்டாரத்தில், புலி தாக்கிச் சிலர் இறந்தார்கள். மறுநாளும் ரப்பர் மரம் சீவப் போக வேண்டியவர்களிடம் இந்த 150 என்ற எண்ணை எப்படிச் சொல்வது என்று எந்தச் செயல்திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.