குறிச்சொல்லும் வணிகமும்: இணையப் பொதுக்குறிப்பேடுகளும் வன்னியின் பெயர்களும்

குறி என்னுஞ் சொல் வன்னி மக்களுக்கு முதற்கண் மாட்டையே நினைவூட்டும். காட்டோரங்களிலும் குளங்களின் அலைகரைகளிலும் பட்டிபட்டியாக மேய்ச்சலுக்கு விடப்படும் மாடுகளை இன்னாருடையவை என அறிதற்குச் சூட்டுக்குறியே சான்றாக இருந்து வந்துள்ளது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டுரிமைச் சீட்டினையும் ஒழுங்குபடுத்தியது. எனினும் குறியின் வலு சட்டத்தினால் மட்டும் வந்ததன்று. சுட்டவனே உரியவன் என ஊரார் யாவரும் ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையிலேயே அது தங்கியிருந்தது. மாடு களவெடுப்பவன் குறியை அழிப்பதில்லை. பழைய குறியின்மேல் இன்னொரு குறியைச் சுடுகின்றான். அவ்வாறு சுட்டதும் இரண்டு குறியும் படிக்க முடியாதவையாகி விடுகின்றன.

கணினித்துறைத் தமிழில் ‘குறிச்சொல்’ என்னும் ஆட்சி யாரால் முதலில் வழங்கப்பட்டதாயினும், அது பொருத்தமான ஆக்கமே. இணையத்தில் தாம் கண்ட பக்கம் ஒன்றின் முகவரியைப் பலர் அறியச் சேர்த்துவைத்து, அதன் பொருளைச் சுட்டும் ஓரிரு சொற்களை அதனுடன் பொருத்தும் வழக்கத்தையே இச்சொல் குறிக்கின்றது. இவ்வழக்கம் தோன்றிய வகையினையும், விளம்பரக்காரர் கையில் அது சீரழிந்த வகையினையும், சிறு நிலப்பரப்பொன்றின் பெயர்களுக்கு அதனால் நேர்வது யாது என்பதனையும் இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகின்றோம்.

நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்தல் நெடுங்காலமாக நூலகரின் பணியாகவே இருந்தது. மெல்வில் டூயி 1876இல் தமது தசமப் பகுப்பினை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பினைத் தந்தார். இவ்விரு முறைகளிலும் பெயரிடும் அதிகாரம் பயிற்சி பெற்ற ஒருவரிடமே இருந்தது. 2003இல் யோசுவா சக்ரர் என்னும் அமெரிக்கர் தொடங்கிய டெலிசியஸ் என்னுந் தளம் இவ்வதிகாரத்தை வாசகன் கையிற் கொடுத்தது. எச்சொல்லையும் எவரும் இடலாம். பலர் இட்ட சொற்கள் ஒன்றுகூடும்போது தானாகவே ஒரு பகுப்பு உருவாகும் என்பதே அதன் அடிப்படை. அடுத்த ஆண்டு தோமஸ் வாண்டர் வால் இதற்கு மக்கட்பகுப்பு என்னும் பொருள்பட ஒரு பெயரைப் புனைந்தார்.

மக்கட்பகுப்பு நமக்குப் புதியதன்று. புளியங்குளம், மாங்குளம், மருதங்குளம், விளாங்குளம் எனக் குளத்தையும் அதன் கரையில் நின்ற மரத்தையும் கொண்டு ஊருக்குப் பெயரிட்டவர்கள் எந்த அலுவலகத்தையும் கேட்டுப் பெயரிட்டாரல்லர். அம்முறையின் குறைபாடும் இங்கேயே தெரிகின்றது. புளியங்குளம் என்னும் பெயர் வன்னியில் ஓரூருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் இக்குழப்பம் எவருக்கும் இலாபம் தரவில்லை. ஆகவே, முன்னொட்டுச் சேர்த்தும் அயலூரைச் சுட்டியும் மக்கள் அதனைத் தீர்த்துக்கொண்டனர். இலாபம் புகுந்தவிடத்து நிலைமை வேறாகின்றது.

வேண்டா விளம்பரம் கணினி வலையமைப்புக்களின் இளமைக் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1978 மே மாதத்திலே ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விற்பனை அறிவித்தலொன்று ஒருங்கே அனுப்பப்பட்டமை முதல் நிகழ்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அது வாசகனை நோக்கி எறியப்பட்டது. வாசகன் அதனைக் குப்பையில் எறிந்துவிடலாம். குறிச்சொற் தளங்களிற் புகுந்த விளம்பரமோ வாசகனை நோக்கியதன்று என்பதே கருத்திற் கொள்ளற்பாலது. அது கூகிள் போன்ற தேடுபொறியை நோக்கியது. 1998இல் லாரி பேஜும் சேர்ஜி பிறினும் வகுத்த முறையின்படி, ஒரு பக்கத்துக்குப் பிறர் கொடுக்கும் இணைப்புக்கள் அதற்கு அளிக்கப்படும் வாக்குக்களாகக் கணிக்கப்பட்டன. வாக்குக்கு விலையுண்டானால் கள்ளவாக்கும் உண்டாகும். எவரும் பெயர் பதிந்து இணைப்பிடத்தக்க டெலிசியஸ் போன்ற தளங்கள் கள்ளவாக்குப் போடுதற்கு வாய்ப்பான சாவடிகளாயின. மருந்து, கடன், சூதாட்டம் முதலியவற்றை விற்போர் கூலிக்கு ஆளமர்த்தியும், தாமே இயங்கும் செய்நிரல்களைக் கொண்டும் ஆயிரக்கணக்கான பொய்ப் பெயர்களைப் பதிந்து, மக்கள் மிகுதியாகத் தேடும் சொற்களைத் தம் பக்கங்களுக்குக் குறிகளாகச் சூட்டினர்.

இதன் அளவினை அறிதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. செருமனியின் காசெல் பல்கலைக்கழகத்தினர் 2006இல் ஆய்வாளர்க்கென பிப்சொனொமி என்னும் தளத்தை அமைத்தனர். ஆய்வுக் கட்டுரைகளையும் நூற்பட்டியல்களையும் சேர்த்துவைப்பதே அதன் நோக்கம். 2008இல் அதன் தரவுகளை ஓர் ஆய்வுப் போட்டிக்கென வெளியிட்டபோது, பதிந்திருந்தோரில் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோர் விளம்பரக்காரர் எனக் கண்டனர். கல்விக்கழகத்தின் முற்றமே இவ்வாறாயின் சந்தையின் நிலை சொல்ல வேண்டியதில்லை. ‘இவ்விணைப்பைக் கணக்கிற் கொள்ளற்க’ என்னும் பொருளுடைய ஒரு குறிப்பினைத் தேடுபொறி நிறுவனங்கள் 2005 சனவரியிலேயே புகுத்தியிருந்தன. வாக்கின் விலையை அது குறைத்ததேயன்றி வாக்குப் போடுவாரை நிறுத்தவில்லை. ஆயிரத்தில் ஒன்று தேறினாலும் செலவு மீளும் என்பதே அவர்தம் கணக்கு.

தமிழிலும் இதன் சாயலைக் காணலாம். 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் என்னும் திரட்டியும், பின்னெழுந்த தமிழிஷ் (பின்னர் இன்ட்லி எனப் பெயர் மாறியது) போன்ற தளங்களும் வலைப்பதிவுகளைத் திரட்டி, வாசகர் வாக்கினால் முன்னிறுத்தின. இங்கே மருந்து விற்போரைக் காட்டிலும் நட்பு வட்டங்களே வாக்கினைத் திரித்தன. ‘மொய்க்கு மொய்’ எனப் பதிவர்களே இதனைக் கேலி செய்தனர். கலியாண வீட்டு மொய்யேட்டை விடப் பொருத்தமான உவமை இதற்கு வாய்க்காது. எழுதுபவரும் எழுதப்படுபவரும் மாறிமாறி ஒருவரே. பணநோக்கு இல்லாமையால் இதனை வேண்டா விளம்பரத்தோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது எனச் சிலர் கூறுவர். நோக்கம் வேறு என்பது உண்மையே. பட்டியலை நம்பி வருகின்ற மூன்றாமவனுக்கு விளையும் கேடு ஒன்றே என்பது எமது கருத்து.

இனி வன்னியின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். இலண்டன் என்னும் குறிச்சொல்லின் கீழ்ப் பதினாயிரம் பதிவுகள் இருக்குமாயின், பத்துப் பொய்ப்பதிவுகள் அங்கே கண்ணிற்படா. ஒட்டுசுட்டான் என்பதன் கீழ் இருபது பதிவுகளே இருக்குமாயின், அதே பத்து அப்பெயரின் அரைவாசியை விழுங்கிவிடும். சிறிய பெயர்களுக்கு வேறொரு நலிவும் உண்டு. உரோம எழுத்தில் முல்லைத்தீவினை மூன்று நான்கு வகையாக எழுதுகின்றனர்; ஆகவே அதன்கீழ் வரவேண்டியவை மூன்று நான்காகச் சிதறுகின்றன. வன்னி என்பதோ உரோம எழுத்தில் இத்தாலிய ஆடவர் பெயரொன்றுடன் மயங்குகின்றது. தமிழெழுத்திலும் அது ஒரு மரத்தின் பெயர், நெருப்பின் பெயருமாகும்.

இந்நலிவு 2009இல் எத்தகைய பொருளுடையதாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு சனவரி 2இல் கிளிநொச்சியும் 25இல் முல்லைத்தீவு நகரும் அரச படையினர் வசமாயின. மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கரையில் போர் முடிவுற்றது. சுதந்திரமான செய்தியாளர் போர்க்களத்துக்குச் செல்ல விடப்படவில்லை. உள்ளே அகப்பட்டிருந்த உறவினரின் கதியறிய, தொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தோர் வன்னி, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு ஆகிய சொற்களை இணையத்தில் நாள்தோறும் தேடினர். பதிவு எழுதியோரும் அவற்றையே குறிச்சொற்களாக இட்டனர். வாசகன் ஒரு பெயரைத் தவிப்புடன் தேடுகின்ற அத்தகைய வேளைதான் விளம்பரக்காரனுக்கு உகந்த வேளையாகும். அடுத்த மாதமே இதற்குச் சான்று கிடைத்தது. 2009 யூனில் ஈரானியத் தேர்தலையொட்டிக் கிளர்ச்சி மூண்டபோது, பிரித்தானியத் தளபாட நிறுவனமாகிய ஹபிற்றாற், மக்கள் செய்தியறியத் தேடிய ஈரானியக் குறிச்சொற்களை ருவிற்றரில் தன் விற்பனை அறிவித்தல்களுக்குச் சூட்டியது. கண்டனம் எழவே மன்னிப்புக் கோரியது. பெயர் பெற்ற நிறுவனமாதலின் மன்னிப்பாவது கிடைத்தது. பொய்ப்பெயரில் வருவோர் யாரிடம் மன்னிப்புக் கேட்பர்?

டெலிசியஸ் தளத்தை 2005 திசம்பரில் யாகூ வாங்கியது, 2011இல் விற்றது. பலர் கைமாறி, 2017 யூனில் பின்போர்ட் என்னும் போட்டித் தளத்தின் உடைமையாகிய அது, புதுப்பதிவுகளுக்கு மூடப்பட்டது. இவ்வீழ்ச்சிக்கு விளம்பரமே காரணம் என்றல் மிகை. நிருவாகத்தின் நோக்கமின்மையும் முகநூல் போன்றவற்றின் எழுச்சியும் பெரும்பங்கு கொண்டன. எவ்வாறாயினும் பல்லாயிரவர் கூலியின்றி இட்ட குறிகள் ஒரு வணிக நிறுவனத்தின் பொருளாகவே இருந்தன என்பது அன்று தெளிவாயிற்று.

இதற்கு மாறான வழியில் சென்றது 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமாகும். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி வைக்கும் அங்கே பெயரிடும் பணி பெரும்பாலும் தொண்டர்களும் பணியாளரும் செய்வது. போரில் வன்னியின் வீடுகளோடு அழிந்த அச்சுத்தாள்களை எண்ணும்போது, எஞ்சியவற்றைச் சரியான பெயரின்கீழ் வைப்பது எத்துணை முதன்மையானது என்பது விளங்கும். இம்முறை மெதுவானது; வாசகன் தன் அறிவைச் சேர்ப்பதற்கு அங்கே இடமும் குறைவு. மக்கட்பகுப்பு வாக்களித்த வளத்தை நாம் இழந்துவிட்டோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயின் அங்கே பொய்க்குறி சுடுவதற்கு எவருக்கும் ஆதாயமில்லை.

வன்னிப் பெயர்களைப் பொறுத்தவரை உடனடியாகச் செய்யத்தக்க பணியொன்று உண்டு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலும், அதனையடுத்து றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வன்னி இடப்பெயர்கள் குறித்து அவர் எழுதிய கட்டுரையும் அக்கால எழுத்துவடிவங்களைத் தருகின்றன. அவற்றோடு நில அளவைப் படங்களிலும் கிராம அலுவலர் பட்டியல்களிலும் காணப்படும் வடிவங்களைச் சேர்த்து, ஒவ்வோர் ஊருக்கும் வழங்கும் எல்லா எழுத்துவடிவங்களையும் ஓரிடத்தில் நிரல்படுத்துதல் வேண்டும். வவுனியா நகரின் பெயரை வவுனியன் விளாங்குளம் என்ற பழைய வடிவத்தோடு இணைத்தே இதனைத் தொடங்கலாம்.