நெய்யில் நனைந்த ஏடுகளும் எழுத்துப் படிக்கும் கணினியும்

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். பதிப்பு 1889ல் வெளிவந்தது. திருநெல்வேலியில் கவிராயர்கள் வீட்டில் ஏடுகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியிலும் அவர் தேடியது கிடைத்தது.

எல்லா ஊரிலும் அப்படி இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியனின் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது! கேட்டவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

போட்டவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஓலை, வணிகவியல் பாஷையில் சொன்னால், தேய்மானம் உள்ள சொத்து. செல் அரிக்கும், ஒடியும். அவ்வப்போது புது ஓலையில் படி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். படி எடுக்க ஆள் இல்லாத வீட்டில் நூலும் இல்லை.

இன்று அந்தப் படி எடுக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். அச்செழுத்தைக் கணினி ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஓலை வேறு கதை. பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. "பொது", "போது" இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். துணைக்காலா, ரகரமா என்ற குழப்பம் வேறு. பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் பார்த்து முடிவு செய்வார். கணினியோ, மனிதர்கள் ஏற்கெனவே படித்துக் கொடுத்த ஓலைப் படங்களிலிருந்து பழகி, எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கிறது.

ஆபத்தும் இங்கேதான். அடிக்கடி வரும் சொல்லுக்கே அது சாயும். ஒரே ஒரு ஏட்டில் மட்டும் இருக்கும் அபூர்வச் சொல்லைப் "பிழை" என்று திருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? சாமிநாதையர் தமக்குச் சரி என்று பட்டதை மேலே போட்டு, மற்றப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். இயந்திரத்துக்கும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஓலையின் படமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தமிழுக்காவது ஏடு இருந்தது. அதே ஆறு இறங்கி வரும் பொதிகை மலையில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சுக்குத் தனி எழுத்து இல்லை. படம் பிடிக்க ஓலையும் இல்லை, பெரியவர்களின் குரல்தான் உண்டு. அதைப் பதிவு செய்ய யாராவது காரையாறு தாண்டி ஏறிப் போய், அவர்கள் சம்மதத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கணினிக்கு வேலை.