வடிவத்தின் பெயரால்: குற்றச்சாட்டு எழுதுகிறவர்களின் பிழைகள்

1665இல் சென்னைக் கோட்டையில் அசென்ஷியா டாவ்ஸ் என்ற பெண், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக விசாரிக்கப்பட்டாள். கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டை ஏற்று வழக்கை விசாரணைக்கு அனுப்பியது. விசாரித்த ஜூரியின் முடிவு விசித்திரமானது: கொலைக் குற்றவாளிதான், ஆனால் குற்றச்சாட்டில் கண்ட விதத்திலும் வடிவத்திலும் அல்ல. சரியாகச் சொல்லுங்கள் என்று திரும்பக் கேட்டதும் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். கோட்டையில் சட்டம் தெரிந்த ஆள் இல்லாததால் வந்த பிழை என்று இதைக் கடந்து போய்விடலாம். எனக்கு முடியவில்லை. செத்தவள் யார், கூண்டில் நின்றவள் யார் என்பதைப் பொறுத்தே 'வடிவம்' இங்கு முக்கியமாகிறது.

கிராண்ட் ஜூரி என்பது ஒரு வாசல். குற்றம் நிரூபணமானதா என்று அது பார்ப்பதில்லை. ஒருவரைக் கூண்டில் ஏற்ற முகாந்திரம் உண்டா என்று மட்டும் பார்க்கும். அங்கே பேசுவது அரசுத் தரப்பு. அமெரிக்காவில் அது இன்றும் உண்டு. எதிரிக்குச் சாதகமான சான்றை அரசு வழக்கறிஞர் அதன்முன் வைத்தாக வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. நம்மிடம் 1865இல் கிராண்ட் ஜூரி ஒழிந்தது. மாஜிஸ்திரேட் சாட்சிகளைக் கேட்டு, வழக்கைச் செஷன்ஸுக்கு ஒப்படைக்கும் விசாரணை எஞ்சியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதையும் கோப்பு அனுப்பும் வேலையாகச் சுருக்கிவிட்டது. குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி தன் ஆவணங்களைக் காட்ட உரிமையில்லை என்று தேவேந்திரநாத் பாதி வழக்கில் 2004இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, அந்தக் கட்டத்தில் போலீஸ் எழுதினதுதான் எழுத்து.

திண்டிவனம், விழுப்புரம் கோர்ட்டு வாசல்களில் இருளர் வழக்குகளுக்காக நானும் நின்றிருக்கிறேன். எங்கோ நடந்த, ஆள் அகப்படாத திருட்டுகளை இருளர் தலையில் கட்டுவது இப்பகுதியில் பழைய பழக்கம். பேராசிரியர் கல்யாணி முதலியோர் கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இதை எதிர்த்தே வளர்ந்தது. "என்னா கேசுன்னே தெரியல சார், கைநாட்டு வாங்கிக்கினாங்க" என்பார்கள். ஆனால் காகிதத்தில் தேதி, இடம், பறிமுதல் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அதே மக்கள் புகார்தாரர்களாக வரும்போது கதை தலைகீழ்: புகார் பதிவதில் தாமதம், மருத்துவச் சோதனையில் தாமதம், சட்டப்பிரிவில் குளறுபடி. இருளர் பெண்மீது பாலியல் வன்முறை நிகழ்த்தியதாகப் புதுச்சேரிப் போலீஸார்மீது 1993இல் எழுந்த அத்தியூர் வழக்கு, விழுப்புரம் நீதிமன்றத்தில் தீர்ப்பைக் காண 2006 ஆயிற்று.

அரசே பழிவாங்கத் துடிக்கும் வழக்கில் வாசல் எப்படித் திறக்கிறது? தடா சட்டத்தில் ஒப்படைப்புக் கட்டமே கிடையாது. போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலமே சாட்சியம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தார்கள். 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தடாக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றும் சொன்னது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வாய் திறந்தார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்றார். ஒரே ஒரு வாக்கியம். பேரறிவாளனை உச்சநீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18. முப்பது வருஷத்துக்கு மேலே போய்விட்டது.

இவற்றைத் தனித்தனித் தவறுகளாகப் பார்க்கும்வரை பிடி கிடைக்காது. பிழைக்குத் திசை இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்மேல் வழக்கு என்றால் எழுத்தில் ஓட்டை விழுகிறது; அதிகாரமற்றவர்மேல் என்றால் ஓட்டை அடைபடுகிறது. இரண்டும் ஒரே மேசையில், விசாரணைக்கு முன்பே நடக்கின்றன. நாமோ தீர்ப்பு வந்த பிறகுதான் போஸ்டர் ஒட்டுகிறோம்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், எதிரியை ஜாமீனில் விடவோ வழக்கிலிருந்து விடுவிக்கவோ கோரும் கட்டத்திலேயே பாதிக்கப்பட்டவர் பேச உரிமை தருகிறது. நம் பக்கத்துச் சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் எத்தனை பேருக்கு இது தெரியும்? முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குவது, வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று படித்துக் காட்டுவது, விடுபட்ட வாக்கியத்தை உடனே எழுதிக்கொடுத்துப் பதிய வைப்பது: இந்தச் சலிப்பூட்டும் வேலைகளையும் அரசியல் என்று நாம் எண்ணியாக வேண்டும்.