விண்மீன்களின் மூலப்பொருள்: உதகை முதல் கோடத் வரை

பேரண்டத்தில் விண்மீன்கள் மிகுதியாகப் பிறந்த காலம் இன்றைக்குச் சுமார் 800 முதல் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன்பின் விண்மீன் பிறப்பு வீதம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த வீழ்ச்சியைத் தொலைநோக்கிகள் பதிவு செய்தன, காரணம் விளங்கவில்லை. விண்மீன்களின் மூலப்பொருளான ஐதரசன் வளிமத்தின் இருப்பை அளந்தால்தான் விடை கிடைக்கும். ஆனால் குளிர்ந்த ஐதரசன் அணு வளிமம் ஒளியியல் தொலைநோக்கிக்குப் புலப்படாது. அதை அடையாளம் காட்டுவது 21 செ.மீ. அலைநீளமுள்ள மிக மெல்லிய கதிரலை. அது முதன்முதலில் பதிவான ஆண்டு 1951.

முத்தோரைச் சரிவு

இந்தியக் கதிரலை வானியலின் முன்னோடி கோவிந்த் சுவரூப். அவர் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளை வடிவத் தொலைநோக்கியை அமைத்தது. அது 1970இல் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள மலைச்சரிவின் சாய்வு, அவ்விடத்தின் அட்சரேகையான சுமார் 11 பாகைக்கு ஒத்திருந்தது. எனவே சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்திய தொலைநோக்கியின் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பி, ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிந்தது.

இந்த அனுபவத்தின் மீது எழுந்ததே புனேவுக்கு வடக்கே கோடத்தை மையமாகக் கொண்ட மாபெரும் மீட்டரலைத் தொலைநோக்கி. அதில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் உள்ளன. தொலைதூர ஐதரசனைத் தேடுவது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று.

7,653 பேரடைகள்

சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட 21 செ.மீ. அலை, பேரண்டம் விரிவதால் ஏறத்தாழ 42 செ.மீ. ஆக நீண்டு வந்து சேர்கிறது. தனியொரு பேரடையின் அலை இரைச்சலில் மறைந்துவிடும். ஆதித்ய சவுதுரி, நிஸ்ஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்ட குழுவினர் இதற்கு ஒளியியல் அளவாய்வின் துணையை நாடினர். ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியைக் கொண்டு நடந்த டீப்2 அளவாய்வு, பேரடைகளின் இடத்தையும் தொலைவையும் முன்பே குறித்து வைத்திருந்தது. அக்குறிப்புகளின்படி, மேம்படுத்தப்பட்ட கோடத் தொலைநோக்கியில் பதிவான 7,653 பேரடைகளின் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது ஐதரசனின் தடம் தெளிந்தது.

2020 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம் சுவரூப் காலமாகியிருந்தார். அப்பேரடைகளில் சராசரியாகச் சுமார் 1,200 கோடி சூரிய நிறை அளவுக்கு ஐதரசன் அணு வளிமம் இருந்தது. ஆண்டுதோறும் சுமார் 8 சூரிய நிறை வளிமம் விண்மீன்களாக மாறிக்கொண்டிருந்தது. புது வளிமம் வந்து சேராவிட்டால் கையிருப்பு 150 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பேரண்டக் கணக்கில் இது குறுகிய காலம். வெளியிலிருந்து வந்த வளிமம் செலவுக்கு ஈடுகொடுக்காததே விண்மீன் பிறப்பு குறையக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.